புள்ளிக்குக் கூலி இல்லை

எங்கள் தொழிலில் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கல்லில் பெயர் வெட்ட வருகிறவரிடம் தாளை வாங்கி, அப்பா முதலில் எழுத்துகளை எண்ணுவார். கொம்பு தனி, கால் தனி. புள்ளிக்கு மட்டும் காசு வாங்கமாட்டார். "புள்ளி இல்லைன்னா பேரே தப்பாப் போயிரும் சாமி, அதுக்கு எப்படிக் காசு கேக்கறது?" என்பார். கையால் வெட்டும்போது அதிகக் கவனம் கேட்பது அந்தப் புள்ளிதான். எழுத்தின் தலைக்கு மேலே சின்ன இடத்தில் உளியைத் திருப்பித் திருப்பிக் குழி எடுக்க வேண்டும். ஓர் அடி பலமாக விழுந்தால் கல் சில்லு பெயர்ந்து, எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் பட்டறை. 1980-ல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பாவிடம் உட்கார்ந்தேன். அடிக்கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், புதுவீட்டுப் பெயர், கோயில் உபயதாரர் பலகை என்று இதுவரை எத்தனை ஆயிரம் பெயர்கள் வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பணமும் புகழும் பற்றிப் படித்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, ஆட்கள் தங்கள் பெயரைக் கல்லில் பார்க்க ஆசைப்படும்போது பக்கத்தில் நின்று பார்த்தவை. அப்புறம், நானே அந்த ஆசைக்காகக் கடன் வாங்கிய கதை.

பட்டறையின் பின்சுவரில் ஏழெட்டுக் கற்கள் சாய்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் வெட்டி முடித்தும் யாரும் எடுத்துப்போகாதவை. ஒன்று, அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டிக்கானது. யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தது. அண்ணன் வயதைச் சொன்னார், தம்பி கொடுத்த தொகையைச் சொன்னார். கல் வராமலே தொட்டி திறக்கப்பட்டது, ஊர் தண்ணீர் பிடித்தது. இன்னும் இரண்டு, தேர்தல் முடிந்ததும் தேவையில்லாமல் போன திறப்பு விழாக் கற்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் வரும். வெட்டின உழைப்பு அதில் அப்படியே இருக்கிறது. 

அப்பா 2003-ல் காலமானார். நாற்பது வருடத்துக்கு மேல் ஊர்ப் பெயர்களை வெட்டியவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வெட்டுகிறவன் தன் பெயரைப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கமில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 2006-ல் எங்கள் பகுதிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. லட்ச ரூபாயும் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் பெயர் பலகையில் முதல் வரிசை, பெரிய எழுத்து என்று கமிட்டியில் பேசினார்கள். கல் வெட்டும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அப்பா பெயரை அந்த முதல் வரிசையில் வெட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

கையில் இருந்தது பன்னிரண்டாயிரம். மீதியைத் தெரிந்த ஒருவரிடம் வாங்கலாம் என்று போனவன், முழு லட்சத்தையும் ரெண்டு வட்டிக்கு வாங்கிவந்தேன். கையில் இருந்த பணம் பட்டறைக்கு வேண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு. என் மனைவி அன்று ராத்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, மாமா இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருப்பாருங்களா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. மூன்றடிக்கு நாலடிக் கறுப்புக் கிரானைட். "தந்தையார் நினைவாக" என்று அப்பா பெயரை மேல் வரிசையில் உளியால் வெட்டினேன். மற்ற பெயர்களை மெஷினில் போட்டேன். பலகை சுவரில் ஏறிய அன்று அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். மனசு நிறைந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நிறைவு பொய்யில்லை. அதற்கு நான் கொடுத்த விலைதான் தப்பு.

மாதம் 2,000 வட்டி. 36 மாதம் கட்டினேன், வட்டி மட்டும் 72,000. அசல் அப்படியே நின்றது. அதை அக்கா கைமாற்றாகக் கொடுத்துத்தான் அடைத்தேன், அக்காவுக்குத் திருப்பித் தர இன்னும் மூன்று வருடம் ஆனது. இதன் நடுவே 2008-ல் என் மகளுக்குக் கோயம்புத்தூரில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லை. அவள் சேலத்திலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் விதி அந்த வருடம் வந்தது. தர்மம் என்று எதுவாக இருந்தாலும் அந்தந்த வருடம் மிஞ்சிய காசிலிருந்துதான். பிள்ளைகள் படிப்பு, மருந்து, பட்டறைக்கு மூன்று மாத வாடகை, இவை எடுத்துவைத்த பிறகு என்ன இருக்கிறதோ அதில் ஒரு பங்கு. பெயருக்காகக் கடன் கிடையாது. இறந்தவர் பெயராக இருந்தாலும் கிடையாது.

2018-ல் அடுத்த கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு. இப்போது புதுக் கமிட்டி, எல்லாம் சின்ன வயசுப் பையன்கள். சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினார்கள். புதுப் பலகைக்கு என்னைக் கூப்பிடவில்லை, அதில் எனக்குக் குறையில்லை, விலை குறைவாக எங்கேயோ கிடைத்திருக்கும். மண்டலாபிஷேகத்தின்போது ஒருநாள் போனேன். கால் கழுவுகிற இடத்தில், போர்வெல் குழாயடியில், ஒரு கறுப்புக் கல் பாவியிருந்தது. அதன்மேல் நின்று கால் கழுவினேன். கழுவும்போதே கல்லின் ஓரம் கண்ணில் பட்டது. ஓரத்தின் கூர்மையை நான் ஒரு மாதிரி சாய்வாக எடுப்பேன், மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அப்பா சொல்லிக்கொடுத்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். என் கல். எழுத்துப் பக்கம் மண்ணில்.

யாரிடமும் கோபப்படவில்லை. அந்தப் பையன்கள் அவமதிக்க நினைத்துச் செய்யவில்லை. பழசைக் கழற்றினார்கள், நல்ல கல்லாக இருந்தது, வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான பின்பக்கத்தை மேலே போட்டார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு அந்த 64 பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது. நானும் 2006-ல் அந்தப் பலகையை மாட்டுவதற்காக அதற்கு முன்பு இருந்த ஒரு சிமெண்ட் பலகையைக் கழற்றித்தான் மாட்டினேன். அது எங்கே போனது என்று அன்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு தமிழாசிரியர் ஐயாவின் பழக்கம் ஏற்பட்டது. ஓய்வு பெற்றவர், ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்வெட்டுகளைப் படிக்கிறவர். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, அதன்மேல் மையை ஒற்றி எடுப்பார். மைப்படி என்று பெயர். பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். எனக்குக் கல் தெரியும் என்பதால் துணைக்குக் கூட்டிப்போவார். தலைவாசல் பக்கம் ஆறகளூர் கோயிலுக்குப் போயிருந்தபோது அவரிடம் என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பி, பழைய ஆளுங்க கோயிலுக்கு விளக்கு எப்படிக் கொடுத்தாங்க தெரியுமா?" என்றார்.

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய வேண்டும் என்றால் 90 ஆடோ 96 ஆடோ கொடுப்பார்களாம். ஆட்டை இடையர் வாங்கிக்கொள்வார். பதிலுக்கு நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், மந்தை அப்படியே நிற்கும். அதனால் கல்வெட்டில் அதற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு. ஐயா சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் டியூப்லைட் வாங்கிக் கொடுத்து அதன் நடுவிலேயே "உபயம்" என்று பெயரெழுதுகிறோம். பெயர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் வருவதில்லை, பல்பு போனால் பெயரும் போச்சு. அவர்கள் விளக்கைக் கொடுக்கவில்லை, விளக்கு எரிவதற்கான வழியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கல்வெட்டுகளின் கடைசி வரி இன்னும் எனக்குப் பிடித்தது. இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவருடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவரே எழுதிவைப்பார். தனக்குப் பின்னால் வரப்போகிற, முகம் தெரியாத ஒருவரின் காலை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். தர்மம் நிற்பது தன் பெயரால் இல்லை, அந்த ஆளால்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் வெட்டிய எந்தப் பலகையிலும் பின்னால் வருகிறவரைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. இன்னொன்றும் ஐயா காட்டினார். அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். அப்பா பார்த்திருந்தால் வாசிக்கவே தடுமாறியிருப்பார்.

ஏற்காட்டுக்கு வேலை விஷயமாக அடிக்கடி போவேன். கல்லறை எழுத்துகளைச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். பழைய கல்லறைகளில் சலவைக்கல்லில் வெட்டிய எழுத்துகள் மழையில் கரைந்து மொழுக்கென்று போயிருக்கும். மழைத் தண்ணீரில் லேசான அமிலம் உண்டு, சலவைக்கல் சுண்ணாம்பு வகை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அதே வயசுள்ள கருங்கல்லில் எழுத்து நேற்று வெட்டியது போல இருக்கும். சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் என்ற வகை. ஒருமுறை பட்டறைக்கு வந்த நிலவியல் பேராசிரியர் ஒருவர் அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் இறந்துபோன ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. பின்னாளில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்த வகைக் கல்லுக்கு அவர் பெயரையே வைத்தார். இத்தனை பெரிய மலையின் கல்லுக்கு, இந்த மலையைப் பார்க்காத ஒருவருடைய பெயர். அந்தக் கல்லறைக் கல்லை வெட்டி எழுத்துப் பொறித்தவர் யார் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் இருக்கிறது. நிலவியல் துறையில் வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912-ல் இறந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் ஒரு கற்கருவியை எடுத்தார். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற ஆராய்ச்சியே வேர்பிடித்தது. அதே வருடம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

அவர் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒருமுறை சென்னை போனபோது அங்கே கைக்கோடரிகளைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எந்தப் பக்கமிருந்து எத்தனை அடி கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். கல்லின் போக்கு தெரிந்தவன் கை வேலை அது. எங்கே தட்டினால் எப்படிச் சில்லு போகும் என்று தெரிந்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி ஓரம் எடுத்திருக்கிறான். என் தொழிலின் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை, எழுத்தே இல்லாத காலம். அவன் எடுத்த ஓரம் மட்டும் நிற்கிறது.

ஃபுட் செய்ததில் எனக்குப் பெரியதாகத் தெரிவது, எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் விடாமல் எழுதிவைத்ததுதான். அவர் இறந்த பிறகு அந்தக் குறிப்புகளை 1914-லும் 1916-லும் அருங்காட்சியகம் அச்சிட்டது. இடம் எழுதாமல் விட்டிருந்தால் அவை வெறும் கல். என்ன, எங்கே, எப்போது என்ற மூன்று விஷயத்தை எழுதிவைத்த மனிதரை வரலாறு கைவிடுவதில்லை என்பது என் எண்ணம்.

நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 1934-ல் மேட்டூர் அணையைத் திறந்தபோது நீர்த்தேக்கத்துக்கு அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். இன்றும் ஏட்டில் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம். ஆனால் டெல்டா விவசாயி யாரும் "ஸ்டான்லியில் எத்தனை அடி தண்ணி?" என்று கேட்பதில்லை. பேரைச் சொல்வது மேட்டூர் என்றுதான். தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டுகிறது, ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் பேரன்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938-லும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956-லும் எடுத்த நிறுவனம். ஸ்டுடியோ இருந்த இடம் வீடுகளாகிவிட்டது, வளைவு மட்டும் மிச்சம். செல்பி எடுக்கிறார்கள். அந்த வளைவைக் கட்டிய கொத்தனாரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதிவைத்திருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மலையில் காப்பி வந்ததும் அப்படித்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்று எல்லோரும் சொல்வோம். குழி தோண்டி நாற்று நட்டவர்கள் யார்? அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சிலர் இன்றைக்கும் அதே மலையில் காப்பிப்பழம் பறிக்கலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு பட்டறையில் என் பேச்சு மாறிவிட்டது. பெயர் வெட்ட வருகிறவர்களைத் தடுக்கமாட்டேன். பெயர் வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை, அது மனுஷ குணம். ஆனால் சில விஷயம் சொல்லித்தான் அனுப்புகிறேன், இதைப் படிக்கிற உங்களுக்கும் பயன்படலாம்.

கல் வைப்பதாக இருந்தால், பொருள் நிலைக்கிற இடத்தில் வையுங்கள். சுவர் அடுத்த கும்பாபிஷேகத்தில் டைல்ஸ் ஆகும். தூண், கிணற்றின் கைப்பிடிச்சுவர், தொட்டியின் முகப்பு, இவை எளிதில் மாறாது. வெளியே வைக்க வெள்ளைச் சலவைக்கல் வேண்டாம். கறுப்புக் கிரானைட் எடுத்து, பெயிண்ட் நிரப்பாமல் விடச் சொல்லுங்கள். வெட்டிய இடம் தானாகவே சாம்பல் வெள்ளையாகத் தெரியும். தங்கநிறப் பெயிண்ட் வெயிலில் சில வருடத்தில் உரிந்துவிடும், உரிந்த பிறகு பார்க்க இன்னும் மோசம். மெஷினில் மணல் அடித்து எடுக்கும் எழுத்து பெரும்பாலும் மேலாகத்தான் இருக்கும், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளையடிக்கிறவர்கள் கல்லுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள், மேலான எழுத்தாக இருந்தால் மூன்று பூச்சில் அடைந்துபோகும். கண் மட்டத்துக்கு மேலே போகாதீர்கள். வருடத்தை நான்கு இலக்கமாகப் போடுங்கள். "06" என்று போட்டால் ஐம்பது வருடம் கழித்து யாருக்கும் புரியாது.

அப்புறம் வாசகம். பட்டத்தையும் பதவியையும் குறைத்து, என்ன செய்தோம், எதற்காக, எந்தக் காசில் என்று இரண்டு வரி எழுதுங்கள். கட்டிய மேஸ்திரி பெயரையும், போர் போட்ட ஆள் பெயரையும் சேர்த்தால் அந்த எழுத்துகளுக்கு நான் கூலி வாங்குவதில்லை. கொஞ்சம் பேர்தான் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்கள் கல்லைத் திறக்கும்போது அந்த மேஸ்திரியின் வீட்டார் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கல்லை மாட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் இடமும் தேதியும் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவும், பென்சில் நிற்கும். போனில் மட்டும் இருக்கிற படத்தை நம்ப வேண்டாம், போன் மாறும்போது போய்விடும்.

கல்லைவிட முக்கியமானது ஆடு. எதைக் கொடுத்தாலும், அதை நடத்துவதற்கும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். 2019-ல் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தேன். முதலில் தோன்றியது இரும்பு பீரோ, அதில் அப்பா பெயர். மகள்தான், "பீரோ எதுக்குங்கப்பா, அங்க பேப்பர் வாங்கவே காசில்லாம பாதி நாள் வர்றதில்லை" என்றாள். அவள் இப்போது ஆசிரியை. நானும் அவளும் பாதிப் பாதி போட்டு ஒரு லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டோம். ஏழு சதவீதம் என்றால் வருடத்துக்கு 7,000, மாதம் 580 ரூபாய்க்கு மேல். அதில் இரண்டு நாளிதழ் வருகிறது. அசலில் கை வைக்கக்கூடாது, எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், படிப்பகம் மூடப்பட்டால் பக்கத்துப் பள்ளி நூலகத்துக்குப் போக வேண்டும் என்று தாளில் எழுதி எல்லோரிடமும் ஒரு படி கொடுத்திருக்கிறோம். வட்டி ஏறும் இறங்கும், பேப்பர் விலையும் ஏறும் என்பதால் வருடா வருடம் மிஞ்சியதில் கொஞ்சம் சேர்க்கிறோம். 2006-ல் கொடுத்ததும் லட்சம்தான், இதுவும் லட்சம்தான். காலையில் ஆறரைக்கு அந்தத் திண்ணையில் பத்துப் பேர் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துப் படிக்கிறார்கள். அங்கே எங்கள் யார் பெயரும் எழுதியில்லை, ஆனால் என்னைப் பார்த்தால் உலகச் செய்தி எல்லாம் சொல்கிறார்கள்.

அப்பாவைப் பற்றிய உறுத்தலும் ஒருநாள் தானாக அடங்கியது. கன்னங்குறிச்சி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு வேலைக்குப் போனேன். சாலையோரம் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி. முகப்பில் ஒரு பெயர், 1974 என்று வருடம். படித்ததும் கை நின்றது. ஒவ்வொரு புள்ளியும் எழுத்துக்குச் சமமான ஆழம். அப்படி வெட்டுகிற கை சேலத்தில் ஒன்றுதான் இருந்தது. தொட்டி உபயோகத்தில் இருப்பதால் யாரும் அதைப் பெயர்க்கவில்லை. மாடு வாய் வைக்கும் ஓரம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் குனிந்து விரலை அந்தப் புள்ளிகளில் வைத்து வைத்துப் பார்த்தாள். "மாமா கைதானுங்க" என்றாள்.

போன கார்த்திகைக்கு முன்னால் கோயில் கமிட்டிப் பையன்களிடம் போய்க் குழாயடிக் கல் விஷயத்தைச் சொன்னேன். குற்றம் சொல்லவில்லை, அதன் அடியில் பெயர்கள் இருக்கின்றன, படி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் பதறிவிட்டார்கள். கடப்பாரை போட்டு நான்கு பேராகத் திருப்பினோம். சேறும் சோப்புப் படிவும் எழுத்துக்குள் அப்பியிருந்தன. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஐயா சொல்லிக்கொடுத்தபடி மைப்படி எடுத்தேன். 64 பெயரும் வந்தன. முதல் வரிசையில் அப்பா. கடைசி வரிசையில், 1,001 ரூபாய் கொடுத்த பூக்கார அம்மா. தினம் பத்து ரூபாயாகக் கொடுத்து முடித்தவர் என்று எனக்கு நினைவு வந்தது. அவர் இப்போது இல்லை. பேரன் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கடை போட்டிருக்கிறார் என்று சொன்னார்கள்.

மைப்படியை நகலெடுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் பலகைமேல் விரித்தார். மேலிருந்து தேடவில்லை. கீழிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்து, பாட்டியின் பெயரில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. அதற்குள் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். தாளை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, "உக்காருங்க அண்ணா, ஒரு செட் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்தேன்.